சுடாத கால்

உனக்கு வேறு வேலையே இல்லையா? அடுப்பில் வைத்த சோறு குழைகிறதா, கொடியில் போட்ட துணி காய்ந்ததா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எங்கள் வீட்டுக்காரர் இந்த வருஷம் ஏன் தீ மிதிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறாய். காப்புக் கட்டிய ஆள் குண்டத்தில் இறங்காமல் இருந்தால் ஊருக்கு நாக்கு அரிக்கும், அது எனக்குத் தெரியும். அரிக்கிற நாக்கை என் வாசலில் வந்தா சொறிய வேண்டும்? சரி, வந்துவிட்டாய், உட்கார். குறுக்கே பேசாதே. எங்கே சிரிக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன், அதற்கு முன்னால் சிரித்தால் எழுப்பி அனுப்பிவிடுவேன்.

எங்கள் ஊர் ஏம்பலத்துக்குப் பக்கம். ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் கரும்பு, நடுவில் திரௌபதியம்மன் கோயில். எங்கள் மகள் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தாயும் பிள்ளையும் பிழைப்பார்களா என்று டாக்டரே சொல்ல முடியாமல் நின்றார். அன்றைக்கு இந்த ஆள் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, மூன்று வருஷம் தொடர்ந்து பூ மிதிக்கிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பூ என்றால் மல்லிகை இல்லை, தணல். அம்மன் குண்டத்துத் தணலை நாங்கள் நெருப்பு என்று சொல்வதில்லை. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அந்தப் பிள்ளை இப்போது ஆட்டின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

முதல் வருஷம் இவர் எல்லாரையும் போல ஓடித்தான் கடந்தார். போன வருஷம்தான் ஊரே வாயைப் பிளந்தது. ஓட்டமும் இல்லை, துள்ளலும் இல்லை. வயலில் தண்ணீர் பாய்ந்திருக்கிறதா என்று வரப்பில் நடந்து பார்ப்பது போல நிதானமாக நடந்து வந்தார். வெளியே வந்து கையைத் தூக்கி, "ஒண்ணுமே தெரியல!" என்றார். அவ்வளவுதான். பொம்பளைகள் எல்லாம் மஞ்சள் தண்ணீரை அவர் காலில் ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவரோடு குடித்தனம் நடத்த முடியவில்லை. பெருக்கப் போனால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"எடுய்யா கால."

"இது அம்மன் நடந்த காலுடி."

"அம்மன் நடக்கட்டும், நான் பெருக்கணும், எடு."

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. இந்த வருஷம் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் பாகூர் சந்தைக்குப் போனவர், ஒரு கால் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். இன்னொன்று எங்கே என்று நான் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். வழியில் கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "எவ வூட்டு வாசல்ல கழட்டி வுட்டுட்டு வந்த? அவ ஒத்தச் செருப்ப வச்சிக்கினு இன்னாய்யா பண்ணுவா?" என்று தெரு முழுக்கக் கேட்டுச் சிரித்தேன். அவர் முறைத்துவிட்டுப் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டார்.

பிறகு காப்புக் கட்டினார்கள். மஞ்சள் துணி, ஒரு வேளைச் சாப்பாடு, சாயங்காலம் ஆனால் கோயிலில் பாரதம் கேட்பது என்று ஆளே மாறிப்போனார். கையில் காப்பு ஏறிவிட்டால் பின்வாங்கக் கூடாது. பின்வாங்கினால் வேண்டுதல் மகள் தலையில் விழும் என்று அவருக்குப் பயம். எனக்கு மட்டும் இல்லையா என்ன?

அதற்கு மறுநாள் எங்கள் ஊர் சப் சென்டரில் சுகர் மாத்திரை கொடுக்கிற நாள். இவருக்கு மாத்திரை வாங்க இரண்டு பேரும் போனோம். அங்கே இருந்த நர்சம்மா மணப்பட்டுப் பொண்ணு, கடற்கரைக்காரி. வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மாத்திரையை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"காலு எப்படி இருக்குது தாத்தா?"

"காலுக்கு இன்னாம்மா? இது பூ மிதிச்ச காலு. நெருப்புல நடந்தன், ஒண்ணுமே தெரியல."

அவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள் என்று இவர் எதிர்பார்த்தார். அவளோ மாத்திரையைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே!"

"வேற எப்பவாச்சும் இப்படித் தெரியாம இருந்துருக்குதா தாத்தா? நடக்கும்போது செருப்பு கழண்டு போறது, அந்த மாதிரி?"

நான் விடுவேனா? பாகூர் கதையை எடுத்துவிட்டேன். அவர் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்ததை நடந்தே காட்டினேன். மாத்திரைக்கு வந்த பொம்பளைகள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நர்சம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கப் போகிறதா என்று பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முதலில் காலைப் பார்க்கவில்லை. அவர் கழற்றி வைத்த புதுச் செருப்பை எடுத்து உள்ளே கையை விட்டாள். "அய்யய்ய, செருப்பத் தொடாதம்மா!" என்று இவர் பதறினார். அவள் காதில் வாங்காமல், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி விரலால் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இங்க பாருங்க ஆயா."

வேலிக்காத்தான் முள் ஒன்று. அடியிலிருந்து ஏறி, குழந்தைக்கு முளைத்த பல் மாதிரி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. நுனி கறுத்திருந்தது.

அப்புறம் அவள் தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊரே விழுந்து கும்பிட்டபோது நிமிர்ந்து நின்ற ஆள், இப்போது கல்யாணப் பொண்ணு மாதிரி நெளிந்தார். குதிகால் வெடிப்பைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இடுக்கில் டார்ச் அடித்தாள். புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். பாதத்தின் மேலே இரண்டு விரலை வைத்துக்கொண்டு, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிற மாதிரி கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள்.

"ரத்த ஓட்டம் நல்லா இருக்குது. சந்தோஷம்."

கட்டைவிரலுக்கு அடியில் முள் குத்திய ஓட்டை ஈரமாக இருந்தது. அதன் ஓரத்தை மெதுவாக அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதா தாத்தா?"

"எங்க?"

அந்த 'எங்க'வில்தான் எனக்கு முதல்முறையாகச் சிரிப்பு நின்றது.

பிறகு அவள் ஒரு பிடியில் பொருத்திய நைலான் இழையை எடுத்தாள்.

"இன்னாம்மா, தூண்டி நரம்பா? எங்கால்ல மீன் புடிக்கப் போறியா?"

"எங்கப்பா கடல்ல புடிக்கறாரு, நான் இங்க புடிக்கறன். கண்ண மூடுங்க. நான் தொடும்போது சொல்லணும்."

இவர் கண்ணை மூடினார். "தெரியுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "தெரியுது." பிறகு இன்னொரு தரம், இன்னும் சத்தமாக. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது பிள்ளைகள் சொல்கிற மாதிரி அவ்வளவு தெளிவு. நர்சம்மாவின் கையோ தரையிலேயே கிடந்தது. இழை அவர் காலுக்குப் பக்கத்திலேயே போகவில்லை. பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்கள். நீ இப்போது சிரித்துக்கொள், போ.

அதற்கப்புறம் அவள் உண்மையாகவே தொட ஆரம்பித்தாள். கட்டைவிரல், அதற்கு அடியில், குதிகால். இழை வளைகிற அளவுக்கு அழுத்தினாள். இவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கண்ணை மூடியபடியே கேட்டார்: "இன்னும் தொடவே இல்லியாம்மா?"

பொம்பளைகள் வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டார்கள்.

நர்சம்மா பாதத்தைத் திருப்பி, விரல்களுக்குக் கீழே மினுமினுவென்று இருந்த ஒரு தழும்பை எனக்குக் காட்டினாள். "இது போன வருஷம் சுட்டது தாத்தா. சுட்டுருக்குது, ஒங்களுக்குத் தெரியல. சக்கர ரொம்ப நாளா ஏறிக் கெடந்தா கால்ல உணர்ச்சி போயிடும்."

"அது கரும்புத் தட்ட கிழிச்சதும்மா" என்றார் இவர். "அம்மன் காலுக்கு நெருப்பு சுடாது."

அவள் சண்டைக்குப் போகவில்லை. புண்ணைக் கழுவி, துடைத்து, கட்டுப்போட்டாள். தானே பேசிக்கொள்வது போலச் சொன்னாள்: "புண்ணு இருக்குது. உணர்ச்சி இல்ல. சக்கர ஏறிக் கெடக்குது. இந்தப் பக்கம், ரத்த ஓட்டம் இருக்குது. பாத்துக்க ஆளும் இருக்குது." கடைசியில் என்னைப் பார்த்தாள். என்னையும் தூக்கித் தராசில் வைத்துவிட்டாள் என்று புரிந்தது. என் எடைக்கு எந்தத் தட்டில் வைத்தாலும் அந்தத் தட்டு இறங்கிவிடும், அது வேறு விஷயம்.

"இந்தப் புண்ணோட பூவுல எறங்கினா, வெந்தாலும் ஒங்களுக்குத் தெரியாது. காலு போயிடும் தாத்தா."

"காப்புக் கட்டியாச்சும்மா. எறங்கித்தான் ஆவணும்."

அவள் மிச்சக் கட்டுத்துணியைச் சுருட்டி வைத்தாள். "நான் வேணாம்னு சொன்னா நீங்க கேக்கப் போறதில்ல. எங்கிட்ட சொல்லாமப் போய் எறங்குவீங்க. சொல்லவேண்டியத சொல்லிட்டன்னு நான் கைகழுவிட்டுப் போவலாம். அதுல எனக்கு இன்னா லாபம்? ஒண்ணு சொல்லுங்க, காப்புக் கட்டினவங்க எல்லாரும் எறங்கியே தீரணுமா? கோயில்ல வேற வேலையே கெடையாதா?"

இவர் கையிலிருந்த காப்பைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஆனால் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அதை அவர் முன்னால் சொன்னால் கெட்டுப்போய்விடும்.

அவள் சொன்னபடி அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்டினோம். ஊசி போட்டார், மாத்திரையை மாற்றினார், கட்டு நனையக் கூடாது என்றார். வீட்டுக்கு வந்ததும் இவர், "என் காலு, என் அம்மன், நடுவுல எவனுக்கு இன்னா பேச்சு?" என்று முடித்துவிட்டார்.

நான் அந்த முள் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். செருப்போடு உள்ளே போக முடியாது. ரோட்டிலேயே நின்று பூசாரியைக் கூப்பிட்டேன். வந்தவரிடம் செருப்பைத் தூக்கிக் காட்டினேன்.

"யக்கா, காப்புக் கட்டின ஊர்ல, அம்மன் எதிர்ல செருப்பத் தூக்கிக் காட்டறியே, ஒனக்கே நல்லா இருக்குதா?"

"எனக்கு நல்லாத்தான் இருக்குது. அந்த ஆளு காலுக்குத்தான் நல்லா இல்ல."

விஷயத்தைச் சொன்னேன். பூசாரி முள்ளைத் தொட்டுப் பார்த்தார். "ரத்தக் காயத்தோட எவனையும் குண்டத்துல எறக்க மாட்டன். எங்கப்பன் காலத்துலர்ந்து அதான் வழக்கம். நான் சொல்லிடறன்."

"நீ எறக்க மாட்டன்னு சொன்னா, அந்த ஆளு எட்டிக் குதிப்பாரு. எறங்காதன்னு சொல்லாத. பால்குழிக்கு ஆள் இல்லன்னு சொல்லிக் கெஞ்சு."

பால்குழி என்பது குண்டம் முடிகிற இடத்தில் வெட்டுகிற சின்னக் குழி. பூ மிதித்து வருகிறவர்கள் அதில்தான் முதல் அடி வைக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருந்து அவர்கள் காலில் பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றுவார். அதைச் செய்துவந்த பெரியவர் மகன் வீட்டோடு போய்விட்டார். அந்த வேலையில் பேரும் இல்லை, புகழும் இல்லை, அதனால் யாரும் முன்வரவில்லை.

"நான் கெஞ்சணுமா?"

"நீதான் கெஞ்சணும். நான் கெஞ்சி அவருக்குப் பழகிப் போச்சு."

மறுநாள் இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"பூசாரி எங்கால்ல விழாத கொற. பால்குழிக்கு நம்பகமான ஆளு வேணுமாம். காப்புக் கட்டின கையாலதான் ஊத்தணுமாம். வேற எவனும் சரிப்பட மாட்டானாம். போனாப் போவுதுன்னு ஒத்துக்கினன்."

"அப்ப பூ?"

"பூவும் அவளுது, பாலும் அவளுது. அம்மனுக்குத் தெரியாதா?"

"அப்படியா!" என்று சொல்லிவிட்டு நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புளித்தண்ணீரில் என் முகம் தெரிந்தது. அதுவும் சிரித்துக்கொண்டிருந்தது.

நர்சம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவள் அப்படிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்டிஷன் போட்டாள். நிற்கக் கூடாது, ஸ்டூலில் உட்கார வேண்டும். கட்டின்மேல் பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் மஞ்சள் துணி. புண் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. திருவிழா வரைக்கும் ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்து கட்டை மாற்றிவிட்டுப் போனாள்.

தீமிதி அன்று சாயங்காலம் இவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் நின்று பால்குடத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் தம்பியும் காப்புக் கட்டியிருந்தான். குண்டத்துக்குப் போகிற வழியில் நின்று வம்பிழுத்தான்.

"இன்னா மாமா, பூவுக்குப் பயந்து பாலுக்கு வந்துட்டியா?"

"நீ மொதல்ல இந்தப் பக்கம் வந்து சேரு மச்சான், பேசுவோம்" என்றார் இவர். ஆனால் முகம் வாடிப்போயிற்று. அந்த ஒரு வார்த்தைக்கே ஸ்டூலை விட்டு எழுந்து ஓடிவிடுவாரோ என்று நான் அவர் தோளில் கை வைத்துக்கொண்டேன்.

உடுக்கை அடித்தார்கள். 'கோவிந்தா' என்று கூட்டம் கத்தியது. ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். எட்டி நின்று பார்க்கிறவர்களுக்கு அவர்கள் முகத்தில் அருள்தான் தெரியும். பால்குழிக்குப் பக்கத்தில் நின்றால்தான் காதில் விழும். முதலில் வந்தவர் கண்ணை மூடியபடி சாமி மாதிரி வந்தார். பாலில் கால் வைத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஊத்து, ஊத்து, சுடுது!" என்றார். அடுத்தவன், "யப்பா, யப்பா" என்று முனகினான். அதற்கடுத்தவன் ஒன்றும் சொல்லவில்லை, நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றினான். என் தம்பி வெள்ளாடு மாதிரி துள்ளிக்கொண்டு வந்து குழிக்குள் விழுந்தான். மாமன் தோளைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் சொன்னான்:

"மாமா, வெந்து போச்சு மாமா. இன்னும் ஊத்து. வெளிய சொல்லிடாத."

பிறகு நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி, "ஒண்ணுமே தெரியல!" என்று கத்தினான். பொம்பளைகள் மஞ்சள் தண்ணீரோடு ஓடினார்கள்.

இவர் கை நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் சுடுதுடி."

ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த கேலி எல்லாம் என் வாயில் இருந்தது. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"ஆமாய்யா."

"எனக்கு மட்டுந்தான் தெரியல."

"ஊத்துய்யா, ஆள் வருது பாரு."

ஊற்றினார். அதற்கப்புறம் அவர் ஊற்றிய விதமே வேறு. வருகிறவன் காலைக் கையில் பிடித்து, அடியைப் பார்த்து, அப்புறம் ஊற்றினார். ஒவ்வொருவனிடமும் கேட்டார்: "சுடுதாப்பா?" அவன் திருட்டு முழி முழித்துக்கொண்டு தலையாட்டுவான். "நல்லது. நல்லது. சுடணும்" என்பார் இவர், ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி. இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் நர்சம்மாவும் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு நின்றாள். கட்டு நனையவில்லை என்பதை அங்கிருந்தே பார்த்துவிட்டு, எனக்குக் கையைக் காட்டினாள்.

காப்பை அவிழ்த்த மறுநாள், சப் சென்டர் திறப்பதற்கு முன்னாலேயே போய் வாசலில் நின்றார். என்னைக் கூப்பிடக்கூட இல்லை, நான்தான் பின்னாலேயே போனேன்.

"அன்னிக்குக் கண்ண மூடிக்கினு பொய் சொல்லிட்டம்மா."

"தெரியும் தாத்தா" என்றாள் அவள். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அதுக்குத்தான் நடுநடுவுல தொடாம சும்மா இருக்கறது."

அதிலிருந்து அவர் சொன்னபடி கேட்கிற பிள்ளை ஆகிவிட்டார். செருப்புப் போடுவதற்கு முன்னால் கையை விட்டுப் பார்க்கிறார். வெந்நீர் சரியான சூடா என்று என் கையைத்தான் முதலில் விடச் சொல்கிறார். வெளிச்சம் போவதற்குள் அவர் காலை மடியில் வைத்து அடியைப் பார்க்க வேண்டியது என் வேலை. விரல் இடுக்கை ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும், இடுக்கை விட்டுவிட்டு மற்ற இடத்தில் எண்ணெய் தடவ வேண்டும் என்று நர்சம்மா சொல்லிக் கொடுத்தாள். ஆடி முடிவதற்குள் புண் மூடி, குழந்தைத் தோல் மாதிரி புதுத் தோல் வந்துவிட்டது. காலைப் பார்த்த டாக்டர், இதற்கு மேல் கட்டு வேண்டாம் என்றார்.

ஒருநாள் எண்ணெய் தடவும்போது என் விரல் இடது பாதத்தின் நடுப்பள்ளத்தில் வழுக்கியது. "ஆயிய்யோ!" என்று கூச்சத்தில் ஒரு கத்து. கால் துள்ளி எண்ணெய்க் கிண்ணம் உருண்டு போயிற்று. சும்மா ஒருதரம் நடந்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது அல்லவா? கண்ணை மூடச் சொன்னேன். தொடாமல் இருந்தேன், பேசாமல் இருந்தார். தொட்டேன், மறுபடி கத்தல். நர்சம்மாவிடம் சொன்னேன். "அந்த எடத்துல உணர்ச்சி மிச்சம் இருக்குது ஆயா. பத்திரமா பாத்துக்கங்க" என்றாள். பத்திரமாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். தினம் சாயங்காலம் தவறாமல் பார்க்கிறேன்.

நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரிகள் வேலி ஓரம் வந்து கூடினார்கள். "இன்னா ஆயா, பொழுது சாஞ்சா தாத்தா இந்தக் கத்து கத்தறாரு? போட்டு அடிக்கிறியா?"

நான் காலைக் கீழே வைக்காமலே அவர்களிடம் சொன்னேன்: "இந்த ஆளு நெருப்புமேல நடந்தாரு, ஒரு சத்தம் போடல. என் ஒத்த வெரலு பட்டா ஊர் கேக்கக் கத்தறாரு. இப்ப சொல்லுங்கடி, இந்த ஊர்ல நெருப்பு யாரு?"